மனமும் மனித மனமே

கடவுள் இயேசுவில் முழு மனிதரானார் என்பது கிறிஸ்தவ விசுவாசத்தின் மையம். மனித வேடம் பூண்டு வந்தார் என்றோ, ஒரு நல்ல மனிதரைத் தம் கருவியாக்கிக்கொண்டார் என்றோ அது சொல்லவில்லை. மரியாளிடம் பிறந்து, நாசரேத்தில் வளர்ந்து, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் இறந்தவரே கடவுளின் மகன் என்கிறது.

இதை ஏற்பது தொடக்கத்திலிருந்தே பலருக்குக் கடினமாக இருந்தது. மாறாத கடவுளைத் துன்பம் எப்படித் தீண்டும்? ஆகவே, இயேசுவின் உடல் வெறும் தோற்றமே என்றார்கள் சிலர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொல்லப்படுவதற்காக ரோமுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அந்தியோக்கியா ஆயர் இக்னாசியார் வழியிலிருந்தே இதை மறுத்து எழுதினார். கிறிஸ்து பட்ட பாடு பொய்த் தோற்றமென்றால், தாம் விலங்கு பூண்டிருப்பது எதற்காக என்று கேட்டார். பிறகு அலெக்சாந்திரியாவின் குரு ஆரியுஸ், மகனும் படைக்கப்பட்டவரே என்றபோது, 325இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கம் அதை நிராகரித்தது.

வாழ்க்கையை இன்னும் நெருங்கித் தொடுவது அடுத்து எழுந்த சர்ச்சை. லவோதிக்கேயா ஆயர் அப்பொல்லினாரிஸ், இயேசுவின் உடல் மனித உடல்தான், ஆனால் மனத்தின் இடத்தில் இருந்தது கடவுளின் மகனாகிய இறைவார்த்தையே என்றார். பக்தியால் எழுந்த கருத்துதான். ஆனால் இறையியலாளர் நசியான்சு கிரகோரியார் அதன் ஆபத்தைக் கண்டுகொண்டார். மனிதரில் முதலில் தவறுவது மனம். கிறிஸ்து அதை ஏற்காமல் விட்டிருந்தால் அது குணமாகாமலே நின்றுவிடும். 381இல் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கமும் அப்பொல்லினாரிஸின் போதனையைத் தள்ளியது. நற்செய்திகளும் இதற்கே சான்று. சிறுவன் இயேசு ஞானத்தில் வளர்ந்தார் என்கிறார் லூக்கா. இறுதி நாள் எப்போது என்பது மகனுக்கும் தெரியாது என்ற சொல்லை மாற்கு மறைக்கவில்லை. கெத்சமனியில் அவரை ஆட்கொண்ட அச்சமும் உண்மையான அச்சமே.

451இல் கல்சேதோன் சங்கம் ஒரே ஆளில் இறை இயல்பும் மனித இயல்பும் கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் இருப்பதாக வரையறுத்தது. எப்படி என்று விளக்காமல், எப்படியல்ல என்று மட்டும் சொல்லி நிறுத்திய அந்த அடக்கம் போற்றத்தக்கது. கோப்து, அர்மேனிய, சிரியத் திருச்சபைகள் அந்தச் சொல்லாட்சியை ஏற்கவில்லை. ஆனாலும் கிறிஸ்துவின் முழு மனிதத்தை அவையும் அறிக்கையிடுகின்றன. 1973இல் திருத்தந்தை ஆறாம் பவுலும் கோப்துத் திருச்சபையின் தலைவர் மூன்றாம் ஷெனூடாவும் இதைக் கூட்டாக அறிவித்தார்கள்.

இந்த முழு மனிதம் நம் அன்றாட வாழ்வையும் தொடுகிறது. இயேசு போதிக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பது. அதுவரை ஊர் அவரைத் தச்சராகவே அறிந்திருந்தது. அற்புதங்களுக்கு முந்திய அந்த உழைப்பும் கடவுளின் வாழ்க்கையே என்றால், எந்த நேர்மையான கைவேலையும் இழிவல்ல. இறந்த நண்பர் லாசருவின் கல்லறைக்குப் போகும் வழியில் அவர் அழுதார். ஆகவே, துக்கவீட்டில் அழுகிறவரைப் பார்த்து, விசுவாசம் இருந்தால் அழக்கூடாது என்று சொல்வது கிறிஸ்தவப் போதனை அல்ல.