தனிக் கரண்டி

எங்கே போனாலும் என் பையில் ஒரு எவர்சில்வர் கரண்டி இருக்கும். லேப்டாப் சார்ஜரை மறந்தாலும் அதை மறக்கமாட்டேன். எனக்கு சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்கத் தொடங்கிவிடும். இதுவரைக்கும் மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

"சோறு திங்கிற ஊர்ல இதெல்லாம் ஒரு பிரச்சனையாடா?" என்பார்கள் நண்பர்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். ஆக, சாம்பாரும் ரசமும் போச்சு. ஓட்டலில் தோசை ஊற்றும் அதே கல்லில்தான் ரவா தோசையும், சாயங்காலம் பரோட்டாவும். ஒரு பாக்கெட்டில் 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட வேண்டுமென்றால் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது நம் நாட்டு விதி. அது ஒரு சிட்டிகைகூட இல்லை. கூட வருகிறவர்களும் என்னோடு பட்டினி கிடக்க வேண்டாம் என்றுதான் தனியாகவே ஊர் சுற்றுகிறேன்.

போன முறை கொல்லிமலை. காரவள்ளியில் ஏறத் தொடங்கினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். அறப்பளீஸ்வரர் கோயில், அங்கிருந்து முழங்கால் நடுங்க ஆயிரம் படிபோல இறங்கினால் ஆகாய கங்கை. அருவியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை, நின்றேன், நனைந்தேன். வழியெல்லாம் வாழைப்பழம், அன்னாசி. அவற்றை நம்பித்தான் வந்திருந்தேன். இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: இது சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த மலை. மூன்றிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் நான் ஏறி இறங்கிய கடைகளில் பரோட்டாவும் சப்பாத்தியும்தான் இருந்தன.

ஒரு வீட்டின் வெளி அறையில் தங்கியிருந்தேன். மலையாளிப் பழங்குடிக் குடும்பம் (கேரளத்து மலையாளி இல்லை, இந்த மலைக்காரர்கள்). சனிக்கிழமை இரவு சாப்பிடக் கூப்பிட்டார்கள். சேமியா உப்புமா, சேமியா பாயசம். எனக்காகவே கடைக்கு ஆள் அனுப்பி வாங்கியிருந்தார்கள். சேமியா என்றால் கோதுமை.

இந்த மாதிரி நேரத்துக்கு ஒரு பொய் வைத்திருக்கிறேன். "இன்னைக்கு விரதம்க்கா." நோய் என்றால் ஆயிரம் கேள்வி வரும், விரதம் என்றால் யாரும் வற்புறுத்தமாட்டார்கள். பல வருஷமாக வேலை செய்த பொய் அது.

அந்தக்காவின் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகக் கேட்டார். "எங்க வீட்ல சாப்புட மாட்டீங்களா, தம்பி?"

நான் எதை மறுத்தேன், அவர் காதில் எது விழுந்தது! பாட்டி வீட்டில் வேலையாட்களுக்கென்று தாழ்வாரக் கூரையில் செருகி வைத்த ஒரு தனி டம்ளர் இருந்தது. பத்து வயதில் அதைப் பார்த்து வெட்கப்பட்டவன் நான். சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டதும், அதை எதிர்த்துப் பெரியார் கிளர்ந்ததும், 1925இல் அவர் காங்கிரஸை விட்டு வெளியேறியதில் அதற்கும் ஒரு பங்கு இருந்ததும் படித்து வளர்ந்தவன். இப்போது பையில் தனிக் கரண்டியோடு திரிகிறேன். இந்தக் கரண்டி எதில் பட்டது, அந்தக் கல்லில் முன்னால் எதைச் சுட்டார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறேன். பாட்டி கேட்ட கேள்விகள்தான்.

'அது தீண்டாமை, இது மெடிக்கல்' என்று நண்பன் சொல்வான். சரிதான். என் காரணம் ஒரு புரதம், பாட்டியின் காரணம் ஒரு மனிதன். ஆனால் காரணம் என் வயிற்றுக்குள் இருக்கிறது. எதிரே நிற்பவருக்குத் தெரிவது ஒதுங்கும் கை மட்டும். ஒதுங்கியவர்கள் எல்லோருமே ஏதாவது ஒரு நல்ல காரணம் வைத்திருந்தார்கள். மடி, விரதம், உடம்புக்கு ஆகாது. என்னுடையது மட்டும் நிஜம் என்று அவர் ஏன் நம்ப வேண்டும்?

இதைவிட மோசமான ஒன்று அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பத்திரமான உணவு எது? உரிக்காத பழம், இளநீர், சமைக்காத பண்டம். 'யார் கையிலும் வாங்கலாம்' என்று பழைய சாதி ஆசாரம் விட்டுவைத்த பட்டியலும் இதுதான். தண்ணீர் பட்டு அடுப்பேறிய சோறுதான் அங்கே விவகாரம். அவர்கள் கொடுத்த வாழைப்பழத்தைக் காலையில் சந்தோஷமாகச் சாப்பிட்டேனே, அது எதையும் நிரூபிக்கவில்லை. அவர்கள் பானையில் வெந்ததைச் சாப்பிட்டால்தான் உண்டு.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. புறநானூற்றின் 152ஆம் பாட்டில், தன்னிடம் வந்த பாணர்களுக்கு அவன் மான் இறைச்சியும் கள்ளும் பொன்னும் மணியும் கொடுத்ததை வன்பரணர் பாடியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் இறைச்சி ஒத்துக்கொள்ளாத பாணன் ஒருவன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பான்? கொடுக்கிறவனைப் பற்றி நம்மிடம் நிறையப் பாட்டு இருக்கிறது. வாங்க முடியாதவன் எப்படி நடந்துகொள்வது என்பதற்கு ஒன்றும் என் கண்ணில் பட்டதில்லை.

உண்மையைச் சொன்னேன். குடல், புண், டாக்டர், எல்லாம். சொல்லிவிட்டு, "சாமை இருக்காக்கா?" என்றேன்.

அந்தக்கா முகம் சுருங்கியது. "அது நாங்க திங்கிறது. வந்தவங்களுக்கு அதப் போடுவாங்களா?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி வந்தபோது சாமைக் காடுகள் சுருங்கின. ரேஷனில் அரிசியும் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இங்கே சிறுதானியங்களைக் காக்கப் பாடுபட்டிருக்கிறது. அதில் ஒரு முக்கியமான வேலை, தோல் நீக்கும் மெஷின் கொண்டுவந்தது. சாமையை உலக்கையால் குத்தி எடுப்பது பெண்களின் இடுப்பை ஒடிக்கும் வேலை. அதை விட்டுவிட்டு அரிசிக்குப் போனவர்களைக் குறைசொல்ல எனக்கு வாய் கிடையாது. பெங்களூரில் ஐ.நா.வின் 2023 சிறுதானிய ஆண்டு விளம்பரத்தோடு பளபளப்பு பாக்கெட்டில் சாமை வாங்கியவன் நான். அவர்கள் வெட்கப்பட்டு ஒளித்து வைக்கும் பானையை எனக்கு மருந்து வேண்டுமென்று திறக்கச் சொல்கிறேன்.

நெதர்லாந்தில் 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள். வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமைமேல் முன்பே இருந்த சந்தேகம் அதில் உறுதியானது. ஊரே பட்டினி கிடந்தபோது தேறிய பிள்ளைகளின் வரிசையில்தான் நானும் வருகிறேன்.

அக்கா அடுப்பைப் பற்ற வைத்தார். பெருங்காயம் வேண்டாம் என்றேன். உப்புமா கிண்டிய கரண்டியைக் கையில் எடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். "இதுவும் ஆகாதா?"

பையில் என் கரண்டி இருந்தது. எவர்சில்வரைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் போதும் என்பது எனக்குத் தெரியும். எப்பவோ தெரியும். பிறகு எதற்கு அதைச் சுமக்கிறேன்? வேறு யார் கையும் படாத ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதில் எனக்கொரு சுகம் இருந்திருக்கிறது. பாட்டிக்கும் அதே சுகம்தானோ என்னவோ.

"கழுவினா போதும்க்கா. நானே தேய்க்கிறேன்."

தேய்த்தேன். சட்டியும் கரண்டியும். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் வந்தன. பக்கத்தில் வீட்டுப் பிள்ளைகள் நான் தொடாத பாயசத்தை வழித்துக் குடித்துக்கொண்டிருந்தார்கள். சின்னவள் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, உங்களுக்குப் பாயசம் புடிக்காதா?"

"ரொம்பப் புடிக்கும்" என்றேன்.