விண்ணப்பத்தின் அறம்: பிறநாட்டுப் பல்கலைக்கழகங்களில் தமிழாய்வு பற்றிச் சில சிந்தனைகள்

தமிழைச் சிறப்புப் பாடமாகக் கற்றுப் பட்டம் பெறும் மாணவர் ஒருவர், ஐக்கிய அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ உள்ள ஆசிய மொழிகள், இலக்கியங்கள் துறையொன்றிற் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிக்க முனையும்போது, பெறுபேற்றுச் சான்றிதழ், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்கள், எழுத்து மாதிரி ஆகியவற்றோடு, ஏறத்தாழ இரண்டு பக்க அளவில் தமது நோக்கத்தை விளக்கும் உரையொன்றையும் எழுதி அனுப்ப வேண்டியவராகிறார். எதனை ஆராய விரும்புகிறீர், ஏன் விரும்புகிறீர், அதற்கு இத்துறை ஏன் பொருத்தமானது என்னும் வினாக்களுக்கு அவ்வுரை விடை கூறவேண்டும். ஏனையவை பிறர் தரும் சான்றுகளும் முன்னர் செய்து முடித்த வேலைகளும் ஆகும். இவ்வுரை ஒன்றே விண்ணப்பிப்பவர் தமது அறிவுள்ளத்தைப் பற்றித் தாமே அளிக்கும் வாக்குமூலம். ஆதலின் அதனை வெறும் அலுவலகத் தாளாகக் கருதிவிட முடியாது. அதில் உண்மை பேசப்படுகிறதா என்பது அறவியல் சார்ந்த வினாவாகும்.

ஈழத்துத் தமிழ்ச் சூழலில் இத்தகைய பயணங்கள் குறித்து வழக்கமாக எழுப்பப்படும் வினா வேறு. இலவசக் கல்வியின் பயனைத் துய்த்தவர் நாட்டை விட்டுச் செல்லலாமா, சென்றவர் திரும்ப வேண்டாமா என்பதே அது. அவ்வினா கனதியானதுதான், ஆயினும் அது வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் ஒருங்கே பொருந்துவது, பட்டிமன்றங்களில் நன்கு தேய்ந்துபோனது. மொழியையும் இலக்கியத்தையும் கற்பவருக்கேயுரிய இடர்ப்பாடு அதற்கு முற்பட்ட கட்டத்தில் நிகழ்கிறது. வைத்தியர் எந்த நாட்டுக்குச் சென்றாலும் அவர் ஆராயும் உடல் மனித உடலே. தமிழ் மாணவரோ, தாம் பிறந்து வளர்ந்த மொழியையே, அதனைப் பிறமொழியாகக் கருதி அமைக்கப்பட்ட ஒரு நிறுவனத்தின் வாயிலில் நின்று, தமக்குரியதல்லாத பார்வையில் அறிமுகஞ் செய்யவேண்டிய நிலைக்கு ஆளாகிறார்.

அத்துறைகள் எவருக்காகத் தோற்றுவிக்கப்பட்டன என்பது ஈண்டு நோக்கற்பாலது. இலண்டனில் 1916ஆம் ஆண்டு நிறுவப்பட்ட கீழைத்தேயக் கல்லூரி, பேரரசின் ஆட்சியலுவலருக்கும் வணிகருக்கும் ஆசிய மொழிகளைப் பயிற்றும் தேவையை முன்னிட்டு எழுந்தது. சோவியத் ஒன்றியம் 1957இல் ஸ்புட்னிக்கை விண்ணில் ஏவியதையடுத்து, ஐக்கிய அமெரிக்காவில் 1958இல் இயற்றப்பட்ட தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டம் ஆசிய மொழிகளின் போதனைக்கு அரசாங்கப் பணத்தைத் திறந்துவிட்டது. சட்டத்தின் பெயரே அதன் நோக்கத்தைப் பறைசாற்றுகிறது. தமிழின் இனிமையில் மயங்கி எந்த வல்லரசும் பேராசிரியர் பதவி அமைத்ததாகத் தெரியவில்லை. எனினும் இதனைக் கொண்டு அங்கு நிகழ்ந்த ஆய்வுகள் யாவும் ஐயத்துக்குரியன என முடிவு கட்டுவது பேதைமை. ஒக்ஸ்போட்டில் இருந்த பரோவும் கலிபோர்னியாவில் இருந்த எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் சொற்பிறப்பியல் அகராதியைப் புறக்கணித்துவிட்டு இன்று எவரும் தமிழ்ச் சொல்லாராய்ச்சி செய்ய இயலாது. சிக்காகோவில் ஆசிரியராயிருந்த ஏ. கே. இராமானுஜன், 1967இல் வெளிவந்த தம் மொழிபெயர்ப்பு நூலின் வாயிலாகக் குறுந்தொகைப் பாடல்களை ஆங்கில வாசகரிடம் கவிதைகளாகவே கொண்டு சேர்த்தார். நிறுவனம் தோன்றிய காரணம் ஒன்று. அதனுள் இருந்த மனிதர் ஆற்றிய பணி மற்றொன்று.

ஆயினும் நிறுவனத்தின் பிறப்பு அதன் வாயிலமைப்பில் எஞ்சியே நிற்கிறது. அங்கு உருவகிக்கப்பட்ட மாணவர், தமிழ் நெடுங்கணக்கை இருபது வயதிற் கற்கத் தொடங்குபவர். அவருக்குத் தமிழ் ஆராய்ச்சிப் பொருள். ஆங்கிலமே ஆராய்ச்சியின் மொழி. மட்டக்களப்பிலிருந்தோ வவுனியாவிலிருந்தோ விண்ணப்பிப்பவரின் நிலை தலைகீழானது. சேனாவரையரின் உரைப்போக்கைப் பின்தொடர வல்ல ஒருவர், அதனைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் எழுதும்போது பள்ளிச் சிறுவராகிவிடுகிறார். இலங்கைப் பல்கலைக்கழகங்களிற் கலைப்பீடப் போதனை 1960 முதல் சுயமொழிகளுக்கு மாறியமையால், கிராமப்புறப் பிள்ளைகள் பல்கலைக்கழகம் புக வழி பிறந்தது. அந்நன்மையைக் குறைத்து மதிப்பிடலாகாது. அதன் விளைவாகவே, தமிழை ஆழக் கற்றோரும் ஆங்கிலத்தில் தம்மைக் கவர்ச்சியாக எடுத்துரைக்க வல்லோரும் பெரும்பாலும் வெவ்வேறு ஆட்களாயினர் என்பதும் உண்மை. விண்ணப்பத் தெரிவு பிந்தியவரையே எளிதில் இனங்காண்கிறது. இதனுடன் பணமும் சேர்கிறது. ஒரு பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க 75 டொலர், 100 டொலர் எனக் கட்டணம் அறவிடப்படும்போது, 2022இன் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் 360 ரூபாவை எட்டிய நாட்டில், நான்கைந்து விண்ணப்பங்கள் அனுப்புவது ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தை விழுங்கத்தக்க காரியம்.

இத்தகைய நெருக்கடியில் உள்ளவருக்கு ஏற்படும் சபலம் இயல்பானது. குழுவினர் எதனை விரும்புவர் என ஊகித்து அதனையே தமது ஆய்வு விருப்பாக எழுதிவிடலாம் என்பதே அச்சபலம். ஒருவர் மூன்றாண்டுக் காலம் வடமோடிக் கூத்தின் ஏடுகளை ஒப்புநோக்கி, அண்ணாவிமாரிடம் சென்று தாளக்கட்டுக்களைக் குறித்துக்கொண்டவர் எனக் கொள்வோம். உரையை எழுத அமரும் வேளையில், ஏடும் தாளமும் அந்நியருக்குச் சுவையற்றவையாகத் தோன்றும் என அவருக்கு ஐயம் எழுகிறது. 1983 தொடங்கி 2009 வரை நீடித்த யுத்தம் அவர் கைக்கு எட்டிய தூரத்தில் இருக்கிறது. ‘யுத்தமும் நினைவும்’ என ஒரு தலைப்பு உருவாகிறது. இடம்பெயர்ந்த பாட்டி ஒருத்தி முதற் பந்தியிலேயே வந்து சேர்கிறாள்.

யுத்தத்தைப் பற்றி ஆராய்தல் தவறென்பது இதன் பொருளன்று. இழப்பைச் சுமந்தவருக்கு அதனை ஆராயும் உரிமையுண்டு. சிலருக்கு அது கடமையும் ஆகலாம். இங்கு வினா, அத்துயரம் எவ்வகையிற் கையாளப்படுகிறது என்பதே. கூத்தைப் பற்றிய தமது உண்மையான வினாவை மறைத்துவிட்டு, பிறருடைய துயரத்தைப் பரிந்துரைக் கடிதம்போல் இணைத்து அனுப்புபவர், அத்துயரத்துக்குரியோரிடம் அனுமதி பெறாது அதனை விலைபேசுகிறார். இதில் ஏமாற்றப்படுபவர் தொலைவில் உள்ள குழுவினர் மட்டுமல்லர். முதலிற் கைவிடப்படுபவர் அந்த அண்ணாவியார். அவர் தமது வீட்டுத் திண்ணையிலிருந்து சொல்லிக்கொடுத்தவை ஆராயத் தகாதவை என ஒரு தீர்ப்பு அவர் அறியாமலே எழுதப்பட்டுவிடுகிறது.

இதற்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். கேட்போர்க்கேற்பப் பேசுதல் வஞ்சகமாகாது. ‘அவையறிதல்’ என ஓர் அதிகாரமே வள்ளுவத்தில் உண்டல்லவா? இம்மறுப்பு வலுவானது. தாளக்கட்டு என்றால் யாதென அறியாத ஒருவருக்கு அதனை விளக்குவதும், ஜப்பானிய நோ நாடகத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவதும் மரியாதையின் பாற்பட்டவையே. ஆனால் அவையறிந்து சொல்லை மாற்றுவதற்கும் அவையஞ்சி வினாவையே மாற்றுவதற்கும் இடையே வேறுபாடு உண்டு. இவ்வேறுபாட்டை அறிய ஓர் எளிய உரைகல் இருப்பதாகத் தோன்றுகிறது. விண்ணப்பத்தில் எழுதிய அதே வினாவை, தமிழில், அவ்விலக்கியத்துக்கு உரியவர்களின் முன்னிலையில் வெட்கமின்றி எழுப்ப முடியுமா என்பதே அது. அவர்கள் உடன்படவேண்டும் என்பதில்லை, சினங்கொள்ளவும் கூடும். சாதி பற்றிய வினாக்கள் பல அத்தகையவை. ஆயினும் அவர்கள் முன் எழுப்பவே இயலாத, ஆங்கிலத்தில் மட்டுமே உயிர்வாழும் ஒரு வினா விண்ணப்பிப்பவருடைய சொந்த வினாவாக இருத்தல் அரிது.

வினா வெளியிலிருந்து வந்ததா உள்ளிருந்து எழுந்ததா என்பது இவ்விடத்தில் முக்கியமன்று என்பதற்குப் பேராசிரியர் க. கைலாசபதியின் வரலாறு சான்று. 1959 முதல் தினகரன் ஆசிரியராக விளங்கி, பின்னர் பேராதனையில் விரிவுரையாளரான அவர், கலாநிதிப் பட்டத்துக்காகச் சென்றது இலண்டனுக்கன்று, ஒக்ஸ்போட்டுக்குமன்று, பேர்மிங்ஹாமுக்கு. அங்கு தமிழ்த்துறை கிடையாது. அவருக்கு வழிகாட்டிய ஜோர்ஜ் தொம்சன் கிரேக்க மொழிப் பேராசிரியர். தமிழை அவரிடம் கற்பதற்கு யாதுமில்லை. ஒரு வினாவை மட்டுமே கற்கலாம். ஹோமரின் காப்பியங்களும் அயர்லாந்தின் பழம் பாடல்களும் வாய்மொழி மரபில் எவ்வாறு உருவாயின, அவற்றைத் தோற்றுவித்த சமுதாயம் எத்தகையது என்பதே அவ்வினா. மார்க்சியத்தில் ஏற்கெனவே ஊன்றியிருந்த கைலாசபதிக்கு அது அந்நியமானதாக இருக்கவில்லை. 1966இற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவ்வாய்வு 1968இல் ஒக்ஸ்போட்டில் நூலாகியது. சங்கப் பாடல்களைப் பாணர் மரபோடு இணைத்த அதன் முடிவுகளை ஏற்றோரும் மறுத்தோரும் உளர். மறுத்தோரும் அவ்வினாவைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. அதே ஆசிரியரிடம் பயின்ற கா. சிவத்தம்பி 1970இற் பண்டைத் தமிழ்ச் சமூகத்தின் நாடகம் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார்.

தொம்சனைப் பற்றிய இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. இங்கிலாந்தவரான அவர், 1930களின் தொடக்கத்தில் அயர்லாந்தின் கோல்வே நகரக் கல்லூரியில் கிரேக்க இலக்கியத்தை ஐரிஷ் மொழியிலேயே கற்பித்தவர். பிளாஸ்கெற் தீவின் மீனவ மக்களோடு வாழ்ந்து அவர்தம் மொழியைப் பயின்றவர்; அத்தீவின் இளைஞர் ஒருவரைத் தமது வாழ்க்கையைத் தாய்மொழியில் எழுதத் தூண்டி, அந்நூல் 1933இல் வெளிவர உறுதுணையாயிருந்தவர். உயர்கல்விக்கு எந்த மொழியும் தகுதியற்றதன்று என்பதை வகுப்பறையிற் செய்துகாட்டிய ஒருவரிடமே இரு ஈழத்துத் தமிழறிஞர் பயின்றனர் என்பது தற்செயலாகவே இருக்கலாம். இருப்பினும், துறையின் பெயரையும் அதன் புகழையும் பார்த்து விண்ணப்பிப்பதற்கும், தம் வினாவோடு உரையாடத்தக்க ஆசிரியரைத் தேடி விண்ணப்பிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இது நன்கு புலப்படுத்துகிறது.

விண்ணப்பிப்பவரை மட்டும் கூண்டிலேற்றுவது நீதியாகாது. பரிந்துரைக் கடிதத்தை மாணவரையே எழுதிக்கொண்டுவரச் சொல்லிக் கையொப்பமிடும் வழக்கம் எங்கும் இல்லை என எவராலும் துணிந்து கூறமுடியாது. மாணவர் தம்மைத் தாமே மெச்சி எழுதிய கடிதத்தில் ஆசிரியரின் பெயர் நிற்குமாயின், பொய்யின் முதற் பாடம் பிறநாட்டிலன்றி இந்நாட்டிலேயே புகட்டப்படுகிறது. தெரிவுக் குழுக்களுக்கும் கடப்பாடு உண்டு. தமிழிலக்கியத்தை ஆராய வருபவரின் எழுத்து மாதிரியைத் தமிழிற் படித்து மதிப்பிட இயலாத துறை, தமிழாய்வை நடத்துவதாகக் கூறிக்கொள்வது விந்தையே.

இனி, ஆய்வின் பயன் எம்மொழியில் மீளும் என்னும் வினா எஞ்சுகிறது. கைலாசபதி ஆங்கில ஆய்வேட்டோடு நின்றுவிடாது, அடியும் முடியும் முதலிய நூல்களால் அதே அணுகுமுறையைத் தமிழ் வாசகரிடையே நிலைநாட்டினார். ஆயினும் அவரது வீரநிலைக் கவிதை பற்றிய நூலின் தமிழாக்கம், 1982இல் அவர் மறைந்த பின்னரே வெளிவந்தது. யாருடைய முன்னோரைப் பற்றி அந்நூல் பேசியதோ, அவர்களிற் பெரும்பாலோர் அதனைப் படிக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று. மூலங்களின் கதையும் இதனோடு தொடர்புடையதே. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்தபின், அவர் திரட்டிய அரிய நூல்களைச் சிக்காகோப் பல்கலைக்கழகம் 1994இல் விலைக்கு வாங்கியது. அவற்றைக் கடல்கடத்திச் செல்லாது சென்னையிலேயே நூலகமாக அமைக்க வழிசெய்தது. பணம் அயலாருடையது, நூல்கள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. யாழ்ப்பாணப் பொதுநூலகத்தின் ஏறத்தாழ 97,000 நூல்கள் 1981இல் எரிக்கப்பட்டதை அறிந்த மக்களுக்கு, ஏட்டுச்சுவடி ஒன்று தொலைநாட்டிலேனும் பத்திரமாக இருக்கட்டும் என்று தோன்றுவதும் புரிந்துகொள்ளக்கூடியதே. இவ்விரு உணர்வுகளுக்கும் இடையே 2005 முதல் நூலகம் நிறுவனத்தினர் ஈழத்து நூல்களை மின்வடிவில் எவரும் படிக்குமாறு செய்துவருகின்றனர். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்க ஆண்டு மலர்கள்கூட அதில் இடம்பெற்றுள்ளன.

இலண்டனிற் கல்வெட்டு மொழியை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றுத் திரும்பிய பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை, யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் நாடகங்கள் எழுதினார். எந்தப் படிவமும் அதனை அவரிடம் முன்கூட்டிக் கேட்டிருக்க முடியாது. ஆனால் இன்று விண்ணப்பிப்பவரை அவருடைய தோழர்கள் கேட்கலாம். தமிழ்ச் சங்கங்களின் மாதாந்தக் கூட்டமொன்றில், பிறநாட்டுத் துறைகளுக்கு விண்ணப்பிக்க எண்ணுவோர் தத்தம் ஆய்வு வினாவைத் தமிழிற் கால்மணி நேரம் எடுத்துரைத்து, விரிவுரையாளரும் மாணவரும் எழுப்பும் ஐயங்களுக்கு விடையளிக்க ஒழுங்குசெய்வது கடினமான காரியமன்று. கூத்தைப் பற்றியதாயின் அண்ணாவியார் ஒருவரையும் அழைக்கலாம். அமெரிக்கத் துறைகள் பலவற்றின் இறுதித் திகதி மார்கழி மாதத்தில் வருவதால், புரட்டாதி அல்லது ஐப்பசி அதற்கு உகந்த காலமாகும்.