எதுக்குப் போற?

எங்கள் ஆயாவை ஓர் அமாவாசையன்று நான் தடுத்து நிறுத்தினேன். திட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. "இந்த வயசுல உனக்கு எதுக்கு ஆயா மலையனூரு? வழியில விழுந்து கெடந்தா யாரு பாக்கறது?" என்று கேட்டேன். அவ்வளவுதான். தோளில் மாட்டியிருந்த மஞ்சப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு ஏழு அமாவாசை வந்துபோய்விட்டது. அவள் ஒருமுறைகூடப் போகிறேன் என்று சொல்லவில்லை. பை அதே ஆணியில் தொங்குகிறது.

நான் செய்தது சரியா, தவறா? ஏழு மாதமாக இந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். முதலில் சின்ன விஷயம் என்றுதான் நினைத்தேன். யோசிக்க யோசிக்க அது பெரிதாகிக்கொண்டே போகிறது.

எங்கள் ஊர் இரும்பை. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகிற வழியில் திருச்சிற்றம்பலம் கூட்டுரோட்டில் இறங்கி உள்ளே வரவேண்டும். ஆரோவில்லைப் பார்க்க வருகிறவர்கள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போவார்கள், ஊர்ப் பெயர் தெரியாமலே. சம்பந்தர் பாடிய மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது. ஏரி இருக்கிறது. முதியோருக்கென்று ஒரு மையமோ, மனமகிழ் மன்றமோ கிடையாது. ஆனால் எங்கள் கிழவிகளுக்கு ஒரு மாதாந்திர நிகழ்ச்சி நிரல் உண்டு. அதை யாரும் அச்சடித்து ஒட்டுவதில்லை, நிலா பார்த்துக்கொள்கிறது. பிரதோஷம் என்றால் உள்ளூர்க் கோயில். கிருத்திகைக்கு மயிலம். பௌர்ணமிக்குத் திருவக்கரை, கால் நன்றாக இருக்கிறவர்களுக்குத் திருவண்ணாமலை, பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம். அமாவாசைக்கு மேல்மலையனூர், நள்ளிரவில் அங்காளம்மன் ஊஞ்சல். வருசத்துக்கு ஒருமுறை மாசி மகத்துக்குப் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரை.

கடைசியாகச் சொன்னதை யோசித்துப் பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து கடல் பத்து கிலோமீட்டருக்குள்தான். காற்று திரும்பினால் வாசனை வரும் தூரம். ஆனால் ஆயா தன் வாழ்நாளில் கடலைப் பார்த்தது மாசி மகத்தன்றும், தாத்தாவின் சாம்பலைக் கரைக்கப் போன அன்றும்தான். சும்மா கடலைப் பார்க்க என்று ஒருநாளும் போனதில்லை. போயிருந்தால் ஊர் கேட்டிருக்கும்: "எதுக்குப் போற?"

இந்த 'எதுக்குப் போற' என்ற கேள்வி எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கப்படுவதில்லை. நான் நண்பர்களோடு மகாபலிபுரம் போகிறேன் என்றால் "எப்ப வருவ?" என்றுதான் அம்மா கேட்பாள். இளைஞனுக்குப் போவதே போதுமான காரணம். வயதானவருக்கு, அதிலும் கைம்பெண்ணுக்கு, காரணம் வேண்டும். மருந்து, சாவு, கல்யாணம், சாமி. இந்த நாலில் மாதாமாதம் தவறாமல் கிடைப்பது சாமி ஒன்றுதான்.

ஆயாவுக்கு பக்தி இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அவள் மலையனூர்க் கதைகளில் அங்காளம்மன் எப்போதும் ஒரு வரியில் முடிந்துபோவாள். "ஊஞ்சல் பாத்தன், கும்பிட்டன்." மிச்சமெல்லாம் வேறு. செஞ்சி தாண்டியதும் ஜன்னலில் தெரிகிற பாறைக்குன்றுகள். கூட்டத்தில் தொலைந்த செருப்பு. நடு ராத்திரியில் குடித்த சுக்குக் காப்பி. அப்புறம் 'செஞ்சிக்காரி'. யாரோ ஒரு கிழவி. ஒவ்வொரு அமாவாசையும் அதே மதில் ஓரத்தில் துண்டை விரித்து ஆயாவுக்கு இடம் போட்டு வைத்திருப்பாளாம். பேர் என்ன என்று கேட்டால், "பேரு எதுக்குடா, அவ செஞ்சிக்காரி, நான் இரும்பக்காரி" என்பாள். செல்போன் நம்பர் கிடையாது. ஊர்ப் பேர்கூட 'செஞ்சிப் பக்கம்' என்ற அளவில்தான் தெரியும்.

அந்த ஏழு அமாவாசையும் செஞ்சிக்காரி துண்டை விரித்திருப்பாள். எத்தனை மாதம் கழித்து அவள் இரும்பைக்காரி செத்துவிட்டாள் என்று முடிவு செய்திருப்பாள்? நான் தடுத்தபோது இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. ஒருத்தியை வீட்டில் உட்கார வைத்தேன் என்று நினைத்தேன். இன்னொருத்திக்கு ஒரு சாவுச் செய்தியையும் சொல்லியிருக்கிறேன்.

முதுமைக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதற்கு அரசிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது. 2023இல் 1200 ஆனது. 1983இல் சத்துணவுத் திட்டம் உதவித்தொகை பெறும் முதியவர்களுக்கும் விரிந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைக்கிற அடுப்பிலேயே கிழவனுக்கும் ஒரு பிடி சோறு. இவற்றின் அருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். அந்த ஆயிரத்து இருநூறு இல்லாவிட்டால் மருமகளிடம் வெற்றிலைக்குக் கை நீட்ட வேண்டும் என்பது ஆயாவுக்குத் தெரியும்.

2007இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. அதில் இரண்டு சொற்களுக்கான விளக்கத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிள்ளைகள் தரவேண்டிய 'பராமரிப்பு' என்பதில் உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் வருகின்றன. 'நலன்' என்ற சொல்லின் விளக்கத்தில்தான் உணவு, உடல்நலத்தோடு பொழுதுபோக்கு மையங்களும் வருகின்றன. அதாவது, சோறு போடாத பிள்ளையைத் தீர்ப்பாயத்துக்கு இழுக்கலாம். வெளியே விடாத பிள்ளையை எங்கேயும் இழுக்க முடியாது. நான் சட்டப்படி உத்தமமான பேரன்.

அறநிலையத்துறை 2024இல் மூத்த குடிமக்களை அறுபடை வீடுகளுக்குக் கட்டணமில்லாமல் அழைத்துப்போகத் தொடங்கியது. நல்ல காரியம். வயது வரம்பு 60 முதல் 70. எழுபத்தெட்டு வயது ஆயா அதில் வரமாட்டாள். இதில் அரசைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. அரசுக்கும் எனக்கும் ஒரே பயம்தான்: வழியில விழுந்து கெடந்தா?

எங்கள் கோயிலோடு சேர்த்துச் சொல்லப்படும் கடுவெளிச் சித்தர் கதையை இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள். சித்தர் மரத்தடியில் அசையாமல் தவம் இருந்தார். மழை இல்லாமல் போனதற்கு அவர் தவத்தின் உக்கிரம்தான் காரணம் என்று நினைத்த மன்னன், வள்ளி என்ற தாசியை அனுப்பித் தவத்தைக் கலைத்தான். பிறகு கோயில் விழாவில் வள்ளி ஆடும்போது கால் சிலம்பு கழன்று விழுந்தது. ஆட்டம் தடைபடக் கூடாதென்று சித்தர் குனிந்து அதை எடுத்து அவள் காலில் மாட்டினார். ஊரே சிரித்தது. அவர் கோபத்தில் பாட, லிங்கம் வெடித்துச் சிதறியது என்பார்கள். செம்புத் தகட்டால் சேர்த்துக் கட்டிய அந்த லிங்கத்தைத்தான் இன்றும் கும்பிடுகிறோம்.

சின்ன வயதில் இது கோபத்தைப் பற்றிய கதை என்று நினைத்திருந்தேன். இப்போது சிரிப்பைப் பற்றிய கதையாகத் தெரிகிறது. அவர் அசையாமல் இருந்தவரை ஊர் கும்பிட்டது. ஒரு சிலம்புக்காகக் குனிந்ததும் சிரித்தது. வயதானவர்களிடமும் நாம் இந்தத் தவத்தைத்தான் கேட்கிறோம். திண்ணையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் செய்தால் கையெடுத்துக் கும்பிடுவோம். பிரியாணி கேட்டால், புதுப் புடவை கேட்டால், கடல் பார்க்கணும் என்றால், "கெழவிக்கு ஆசையப் பாரு." சிமோன் த பொவ்வா 1970இல் முதுமையைப் பற்றி எழுதிய பெரிய புத்தகத்தில் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறார்: முதியவர்களிடம் சாந்தத்தை எதிர்பார்க்கிறோம்; இளைஞர்களுக்கு இருக்கிற அதே ஆசை அவர்களிடம் தெரிந்தால் அருவருக்கிறோம். பாரிஸ்காரிக்கும் இரும்பைக்காரிக்கும் ஊர் ஒன்றுதான் போல.

இதுவரை படித்தவர்கள், 'அப்படியானால் ஆயாவை விட்டுவிட வேண்டியதுதானே, அவள் உடம்பு, அவள் விருப்பம்' என்று சொல்லக்கூடும். நானும் ஒரு மாதம் அப்படித்தான் நினைத்தேன். அம்மாவிடம் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்: "போன தடவ உங்காயா பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாளே, ரெண்டு மாசம் யாரு பீ மூத்தரம் அள்ளனது? நீயா?"

நான் சென்னையில் இருந்தேன். வீடியோ காலில் "எப்படி இருக்க ஆயா" என்று கேட்டவன் நான்.

இங்கேதான் சிக்கல். ஆயாவின் விழுதல் ஆயாவுடையது மட்டும் இல்லை. அது அம்மாவின் தூக்கம், அம்மாவின் முதுகுவலி, அம்மா விட்டுவிட்ட அவள் தங்கை வீட்டுக் காதுகுத்து. சுதந்திரம் என்ற சொல்லை நான் சுலபமாகச் சொல்லிவிட முடிவதற்குக் காரணம், அதன் செலவு என் கணக்கில் வராததுதான். ஒருத்தியின் மகிழ்ச்சிக்கான விலையை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு நான் நியாயவான் ஆகமுடியாது. அம்மாவின் பயம் கொடுமையும் இல்லை. அனுபவத்தில் வந்தது.

ஆனால் அம்மா சொன்னதிலேயே ஒரு வழியும் இருந்தது. ஆபத்து முழுவதும் ஒரு வீட்டின், ஒரு மருமகளின் தலையில் விழுவதால்தான் தடை பிறக்கிறது. அதைப் பலரின் தோளுக்கு மாற்றினால்? சிங்கப்பூரில் முதியவர்களுக்கென்று அக்கம்பக்கத்திலேயே நிலையங்கள் வைத்து, உடற்பயிற்சி, சேர்ந்து சாப்பிடுவது, வெளியே அழைத்துப் போவது என்று நடத்துகிறார்கள். கேரளத்தில் 'பகல் வீடு' இருக்கிறது. இவை முதியவர்களின் பொழுதுபோக்குக்கானவை என்று நினைத்திருந்தேன். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கும் அதே அளவு உதவுகிறவை என்று இப்போது தோன்றுகிறது. ஒரு வேன், கூட வர ஒரு நர்ஸ், விழுந்தால் பார்க்க ஓர் ஏற்பாடு. இவை இருந்தால் அம்மாவே பையை எடுத்துக் கொடுத்து அனுப்பியிருப்பாள்.

இதிலும் ஒரு முள் இருக்கிறது. கல்லூரியில் படித்தபோது நாங்கள் ஒரு முதியோர் இல்லத்தினரைக் கடற்கரைக்கு அழைத்துப் போனோம். எல்லோருக்கும் ஒரே நிறத் தொப்பி, எலுமிச்சை சாதப் பொட்டலம், மணலில் மியூசிக்கல் சேர். அவர்களைக் கைதட்டச் சொல்லிப் போட்டோ எடுத்தோம். ஒரு பெரியவர் மட்டும் நாற்காலியைக் கடலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாங்க ஐயா, விளையாடலாம்" என்றேன். "நீங்க விளையாடுங்க தம்பி, நான் கடல் பாத்துக்கறன்" என்றார். அவரைக் கேட்காமலே அவருடைய நாளை நாங்கள் நிரப்பியிருந்தோம். போகவிடாமல் தடுப்பதும், கேட்காமல் கொண்டுபோவதும் ஒரே வேரில்தான் முளைக்கின்றன. இரண்டிலும் அவருக்கு எது நல்லது என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள்.

எங்கள் ஊரில் கேட்காமலே உண்டான முதியோர் மையம் ஒன்று இருந்தது. நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை. வேலை உறுதிச் சட்டத்தில் வயதுக்கு மேல்வரம்பு இல்லை என்பதால் எழுபது வயதுக் கிழவிகளும் மண்வெட்டியோடு வருவார்கள். தண்ணீர் கொடுக்கிற வேலை, பிள்ளை பார்க்கிற வேலை என்று ஏதாவது கிடைக்கும். புங்கமரத்து நிழலில் வெற்றிலை, ஊர்க்கதை, சண்டை, சமாதானம். "மண்ணே வெட்டாம சம்பளமா" என்று ஊர் கேலி பேசும். நானும் பேசியிருக்கிறேன். அந்தக் கூலியில் பாதி மண்ணுக்கு, பாதி வெளியே வர ஒரு காரணத்துக்கு என்று இப்போது புரிகிறது. 'எதுக்குப் போற' என்ற கேள்விக்கு அரசாங்கமே ஒரு பதில் எழுதிக் கொடுத்திருந்தது.

புறநானூற்றின் 243ஆம் பாட்டில் ஒரு கிழவர், ஊன்றுகோலோடு, இருமலுக்கு நடுவே, சிறுவயதில் ஆழமான நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்து காட்டியதை நினைத்துக்கொள்கிறார். வகுப்பில் அதை 'நிலையாமை' என்று சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இப்போது அந்தப் பாட்டைவிட, அதற்கு வெளியே நடந்திருக்கக்கூடிய ஒன்றில்தான் ஆர்வம். அந்தக் கிழவரை யாராவது கையைப் பிடித்து அந்த நீர்க்கரை வரை கூட்டிப்போயிருப்பார்களா? குதிக்க வேண்டாம். காலை நனைத்துவிட்டு வரலாமே.

போன வாரம் ஊருக்குப் போனேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஆயாவிடம் கேட்டேன்.

"அடுத்த அமாவாசைக்கு மலையனூரு போலாமா?"

"நீ எதுக்குடா வர்ற?"

ஏழு மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பி வந்தது. சாமி கும்பிட என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மாதான் ஆயா" என்றேன்.

அவள் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு அம்மாவைப் பார்த்தாள். அம்மா தட்டுகளை எடுத்துக்கொண்டே, "ரெண்டு நாள் லீவு போட்டுட்டு வரட்டும். திரும்பி வந்ததும் கால் வலி கை வலின்னா அவனே எண்ணெ தேச்சு விடட்டும்" என்றாள்.

இது தீர்வு இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு எல்லா அமாவாசைக்கும் லீவு கிடைக்காது. பேரன் வருகிற மாதம் போகலாம், வராத மாதம் கூடாது என்றால், சாமி இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன் என்றுதான் அர்த்தம். அவள் போக்குக்கு இன்னும் ஒரு காரணம் தேவைப்படுகிறது. இந்த முறை அந்தக் காரணம் நான். அது எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

இருந்தாலும் டிக்கெட் போட்டுவிட்டேன். காலையில் கிளம்பும்போது பார்த்தேன். ஆணியிலிருந்த மஞ்சப்பை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. துவைத்திருக்கிறாள். திண்ணையில் உட்கார்ந்து ஒரு துண்டை மடித்துக்கொண்டிருந்த ஆயா என்னிடம் கேட்டாள்:

"செஞ்சிக்காரி இருப்பாளாடா?"

எனக்குத் தெரியவில்லை. "போய்ப் பாப்போம் ஆயா" என்று மட்டும் சொன்னேன்.