கவராயம் வரைந்த வட்டம்

மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்கு கழிந்த வாரம் அது. 2017ஆம் ஆண்டு. கொட்டாஞ்சேனையில் அம்மாவின் வீட்டு விறாந்தையில் என் கணவர் கொழும்பு வரைபடத்தை விரித்து, தம்பியின் பழைய கொம்பாஸ் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்தார். ஊசியை எங்கள் வீட்டின் மேல் குத்தினார். பென்சில் முனையைத் தான் ஆசைப்பட்ட பாடசாலை வரைக்கும் நீட்டி ஒரு வட்டம் போட்டார். வட்டத்துக்குள் வேறு நான்கு பாடசாலைகள் விழுந்தன. "நாலு தரம் வெட்டுவாங்கள்" என்றார். உள்ளே பிள்ளை பாலுக்கு அழத் தொடங்கியது.

தரம் 1க்குப் பிள்ளை சேர்க்கும் முறை தெரிந்தவர்களுக்கு இது அவசரமாகத் தோன்றாது. கல்வி அமைச்சின் சுற்றுநிருபப்படி அரசாங்கப் பாடசாலை ஒன்றின் இடங்களில் பாதி, அருகில் குடியிருப்போரின் பிள்ளைகளுக்கு. கால்வாசி பழைய மாணவர்களின் பிள்ளைகளுக்கு. 15 வீதம் அங்கே ஏற்கனவே படிக்கும் பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்கு. அருகில் குடியிருந்தால் மட்டும் போதாது, அதையும் புள்ளி போட்டு அளப்பார்கள். வாக்காளர் இடாப்பில் எத்தனை வருடம் பெயர் இருக்கிறது, ஐந்து வருடம் வரை பார்ப்பார்கள். வீட்டு உறுதி சொந்தப் பெயரில் இருந்தால் கூடிய புள்ளி, வாடகை ஒப்பந்தம் என்றால் குறைந்த புள்ளி. வீட்டை மையமாக வைத்துப் பாடசாலை வரை வட்டம் போட்டு, அதற்குள் பிள்ளை சேரக்கூடிய வேறு பாடசாலை இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வெட்டு. ஐந்து வயதில் சேர்க்க ஐந்து வருடப் பதிவு வேண்டுமென்றால், பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போதே வீடு மாறியாக வேண்டும்.

கணவர் சொன்ன புதிய வட்டத்தின் மையம் வெள்ளவத்தையில் இருந்தது. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று, தொடர்மாடியில் இரண்டு அறை வீடு.

நான் கணக்காளர் அலுவலகத்தில் வேலை செய்கிறவள். பார்க்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லை. வீடு மாறுவதற்கு முன் அந்தப் பாடசாலைகளின் விபரத்தைத் தாருங்கள் என்றேன். ஒரு மாதம் ஒரு கொப்பி முழுக்க இலக்கங்களாகச் சேர்த்தோம். நாடு முழுவதும் பத்தாயிரத்துக்குச் சற்றுக் கூடிய அரசாங்கப் பாடசாலைகள். ஒவ்வொரு வருடமும் எடுக்கும் பாடசாலைத் தொகைமதிப்பில் எத்தனை மாணவர், எத்தனை ஆசிரியர், என்ன வகை எல்லாம் இருக்கிறது. விஞ்ஞானம் உட்பட உயர்தரம் உள்ளவை 1ஏபி. கலையும் வர்த்தகமும் மட்டும் உள்ளவை 1சி. சாதாரண தரத்தோடு நிற்பவை வகை 2. ஆரம்பப் பிரிவோடோ அதற்குச் சற்று மேலேயோ நிற்பவை வகை 3. பரீட்சைத் திணைக்களத்தின் அறிக்கைகளில் மாவட்ட வாரியாக, வலய வாரியாகச் சித்தி வீதங்கள். தரம் 5 புலமைப்பரிசிலில் எந்தப் பாடசாலைக்கு எந்த வெட்டுப்புள்ளி என்ற பட்டியல். இவை போதாவிட்டால் மதிலில் கட்டிய பதாகைகள் இருந்தன: ஒன்பது பாடத்திலும் ஏ எடுத்த பிள்ளைகள், கழுத்துப்பட்டியோடு, வரிசை வரிசையாக.

அந்தப் பதாகைகளில் எத்தனை பேர் பரீட்சைக்குத் தோற்றினார்கள் என்று மட்டும் எங்கும் எழுதியிருக்கவில்லை. இருபது பேர் ஒன்பது ஏ என்றால், அது நாற்பது பேரிலா, இருநூறு பேரிலா? தரம் 6இல் சேர்ந்த எத்தனை பேர் 11 வரைக்கும் வந்தார்கள்? இடையில் விலகிய பிள்ளையை எந்தக் கணக்கில் வைத்தார்கள்? தொகுதியை மட்டும் காட்டிப் பகுதியை மறைத்த கணக்கை என் மேசைக்கு யாராவது கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். என் பிள்ளையின் விஷயத்தில் அந்தப் படங்களைப் பார்த்து மனம் இளகி நின்றேன்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருந்தார். பருத்தித்துறையில் பிறந்து, முப்பது வருடத்துக்கு மேல் கொழும்பில் கணிதம் படிப்பித்தவர். கொப்பியை அவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் புரட்டினார்.

"பிள்ளை, படலையாலை ஆர் உள்ளுக்கு வருகினம் எண்டதை முதல்ல பாருங்கோ. அதுக்குப் பிறகு றிசல்ற்றைப் பாருங்கோ" என்றார். பிறகு கேட்டார்: "தரம் ஆறிலை வெட்டுப்புள்ளி வைச்சு ஊரிலை உள்ள கெட்டிக்காரரை எல்லாம் எடுக்கிற பள்ளிக்கூடம், அதே பிள்ளையளைப் பதினொண்டிலை நல்ல றிசல்ற்றோடை அனுப்புது. அதிலை பள்ளிக்கூடம் செய்தது எவ்வளவு, சொல்லுங்கோ பாப்பம்?"

என் தொழிலிலேயே கிடந்த விஷயம் அது. இறுதி இருப்பை மட்டும் பார்த்து ஒரு கடையின் இலாபத்தைச் சொல்ல முடியாது. ஆரம்ப இருப்பு வேண்டும். என் கொப்பியில் இருந்ததெல்லாம் இறுதி இருப்பு. எந்தப் பிள்ளை எந்த நிலையில் உள்ளே வந்தது என்ற இலக்கம் ஒன்றுகூட இல்லை. புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறவரின் மகன், வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாமல் வந்து, வகை 2 பாடசாலை ஒன்றில் படித்து ஆறு பாடத்தில் சித்தியடைகிறான். அவனுக்கு அந்தப் பாடசாலை கொடுத்தது எத்தனை பெரியது! ஆனால் அவனுக்காக யாரும் பதாகை கட்டுவதில்லை. மாலையில் வெள்ளவத்தை ரியூட்டறியில் இரண்டு பாடத்துக்கு இருந்து படித்த பிள்ளையின் ஏயும் பாடசாலையின் கணக்கிலேயே ஏறுகிறது.

இதை உலகம் அறுபது வருடமாகப் பேசுகிறது என்று பின்னர்தான் வாசித்தேன். 1966இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்ற சமூகவியலாளரின் குழு, ஆறு இலட்சம் அளவிலான மாணவர்களைப் பார்த்து ஓர் அறிக்கை கொடுத்தது. பாடசாலைக்குப் பாடசாலை கட்டடத்திலும் செலவிலும் உள்ள வித்தியாசத்தைவிட, பிள்ளை எந்தக் குடும்பத்திலிருந்து வருகிறது, கூட யார் படிக்கிறார்கள் என்பதே பெறுபேற்றை அதிகம் தீர்மானிப்பதாக அது கண்டது. ஆனாலும் ஊர் ஊராகப் பெற்றோர் இன்னும் அட்டவணையைப் பார்த்தே வீடு தேடுகிறார்கள். என் பெரியம்மாவின் மகன் லண்டனில் சட்டன் பக்கம் வீடு எடுத்ததும் இதற்காகத்தான். அங்கே பாடசாலைப் பரிசோதகர்கள் ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒற்றைச் சொல்லில் தரம் போட்டு வந்தார்கள். 2024 செப்டெம்பரில் அரசாங்கப் பாடசாலைகளுக்கு அந்த ஒற்றைச் சொல்லை நிறுத்தினார்கள். ஒரு பாடசாலையை ஒரு சொல்லுக்குள் அடைக்க முடியாது என்று ஒப்புக்கொள்ளப் பல வருடங்கள் எடுத்திருக்கிறது.

காலக் கணக்கும் இருக்கிறது. 2017இல் நாங்கள் பார்த்த உயர்தரப் பெறுபேறு முந்திய வருடத்துப் பரீட்சையுடையது. அதை எழுதிய பிள்ளைகள் 2004 வாக்கில் தரம் 1இல் கால் வைத்தவர்கள். என் மகள் 13ஆம் தரத்துக்கு வருவது 2035இல். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கும் என்று எந்த அட்டவணை சொல்லும்? 2019 உயிர்த்த ஞாயிறன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது அம்மாவின் வீட்டு யன்னல்கள் அதிர்ந்தன. 2020இலும் 2021இலும் பாடசாலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே ஒத்திவைத்தார்கள். அதற்குப் பிறகு நல்ல ஆசிரியர்கள் சிலர் வெளிநாடு போனார்கள், அதிபர்கள் மாறினார்கள்.

இதையெல்லாம் எழுதுகிற நான், 2017 முடிவில் வெள்ளவத்தைக்கு வீடு மாறினேன்.

காரணத்தை மறைக்க விரும்பவில்லை. பயம். எங்கள் தலைமுறைத் தமிழர் இலக்கங்களுக்குப் பயந்தே வளர்ந்தவர்கள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்து, தமிழ் மொழியில் எழுதியவர் பல்கலைக்கழகத்துக்குக் கூடிய புள்ளி எடுக்க வேண்டியிருந்த கதையை அப்பா சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சொல்வார். ஒரு புள்ளியில் ஒரு வாழ்க்கை திரும்பும் என்பது எங்கள் வீட்டில் பாடமாகவே இருந்தது. அப்படி வளர்ந்தவளிடம் "பெறுபேறு எல்லாம் இல்லை" என்று அறிவு சொன்னால், வயிறு கேட்காது.

குடியிருப்பை நிரூபிப்பதிலும் எங்களுக்கு வேறொரு ஞாபகம் உண்டு. யுத்த காலத்தில் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்ற படிவத்தைப் பொலிஸில் பதிந்து, அதன் பிரதியை அம்மா கதவுக்குப் பக்கத்து அலுமாரியில் வைத்திருந்தார். 2007 ஜூன் 7ஆம் திகதி விடியற்காலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்த பிறகே அது நின்றது. அன்று கையில் பிடித்திருந்த அதே கடதாசிக் கோப்பை, கூடவே புதிய வாடகை ஒப்பந்தத்தையும் மின்சாரப் பட்டியலையும் வாக்காளர் இடாப்புப் பிரதிகளையும் வைத்து, மகளுக்கான நேர்முகத்துக்குக் கொண்டுபோனேன். எதிரே இருந்தவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டும்போது என் கை வியர்த்தது. நாங்கள் முதலில் கேட்ட பாடசாலை கிடைக்கவில்லை. உறுதி இல்லாதது பாரித்தது. இரண்டாவது கிடைத்தது. சொந்த வீடு உள்ளவரின் பிள்ளை ஒரு படி முன்னுக்கு நிற்கிறது. பிறகு அந்தப் பிள்ளைகளின் பெறுபேற்றைப் பாடசாலையின் தரம் என்கிறோம்.

போன வருடம் கிளிநொச்சியிலிருந்து என் மச்சாள் ஃபோன் எடுத்தா. மகன் ஒன்பதாம் வகுப்பு, கணிதத்தில் கெட்டிக்காரன். "ஒரு அறை எண்டாலும் பரவாயில்லை, வெள்ளவத்தையிலை பாருங்கோ மச்சாள். இவனைக் கொழும்பிலை விட்டாத்தான் கம்பஸ் போவான்" என்றா. நான் கொப்பியைத் திறந்தேன். பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பாலான துறைகளுக்கு 40 வீதம் நாடு முழுவதற்குமான திறமைப்படி, 55 வீதம் மாவட்டங்களுக்குப் பங்கிட்டு, 5 வீதம் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. கிளிநொச்சி அந்த வசதி குறைந்த மாவட்டங்களில் ஒன்று. பிள்ளை எந்த மாவட்டத்துப் பாடசாலையில் படித்தது என்பதைப் பார்த்தே மாவட்டத்தைத் தீர்மானிப்பார்கள். கொழும்பில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் வேண்டிய இசட் புள்ளி நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. நல்ல பாடசாலை என்று கூட்டிவந்தால், அவன் தாண்ட வேண்டிய கம்பியையும் சேர்த்து உயர்த்துகிறோம். இதைச் சொன்னபோது அந்தப் பக்கம் நெடுநேரம் சத்தமில்லை. "அப்ப இஞ்சை கணித ரீச்சர் இருக்கிறாவோ எண்டு பாத்தாக் காணும் எண்டிறியள்" என்றா. ஓம் என்றேன். இப்போது அவன் அங்கேதான் படிக்கிறான். அவனுக்குக் கணிதம் படிப்பிக்க நிரந்தர ஆசிரியை ஒருவர் இருக்கிறா. அந்த ஒரு விபரத்தை எடுக்க மச்சாளுக்கு வலயக் கல்விப் பணிமனையில் இரண்டு காலை போனது. என் கொப்பி முழுவதையும்விட அது பெறுமதி.

வீடு மாறப்போகிற யாராவது இன்று என்னிடம் கேட்டால், சித்தி வீதத்துக்கு முன்னால் வேறு சிலவற்றைக் கேட்கச் சொல்வேன். ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் இருக்கிறாரா, எத்தனை மாதமாக இல்லை. சாதாரண தரத்தில் கணிதத்தில் எத்தனை பேர் தவறினார்கள், அவர்கள் பிறகு எங்கே போனார்கள். வகுப்பில் கடைசி வரிசையில் இருக்கும் பிள்ளையின் பெயர் ஆசிரியருக்குத் தெரியுமா. மத்தியானம் பாடசாலை விடும்போது வாசலில் அரை மணி நேரம் நின்று பாருங்கள், பிள்ளைகள் எப்படி வெளியே வருகிறார்கள் என்று. கழிவறையில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு பெண்பிள்ளையிடம் கேளுங்கள்.

எந்தக் கொப்பியிலும் வராத ஓர் இலக்கம் இருக்கிறது. அது நாங்கள். கொட்டாஞ்சேனையில் அம்மாவின் பக்கத்து வீட்டுப் பையன் என் மகள் பிறந்த அதே மாதம் பிறந்தவன். இருவரும் ஒரே பாயில் தவழ்ந்தவர்கள். அவன் தகப்பன் புறக்கோட்டை மொத்தக் கடை ஒன்றில் வேலை. வீடு மாறும் வசதி இல்லை. வட்டத்துக்குள் விழுந்த நான்கில் ஒன்றில் படிக்கிறான். எங்கள் ஒழுங்கையிலிருந்து எங்களைப் போல இன்னும் சில குடும்பங்கள் போயின. அவனுடைய தரத்தில் முன்பு இரண்டு பிரிவு. பிள்ளைகள் குறைந்ததால் இப்போது ஒன்று. பிரிவு குறைந்ததும் ஆசிரியர் ஒருவரை வேறிடத்துக்கு மாற்றினார்கள். அந்தப் பாடசாலையின் சித்தி வீதம் அடுத்த அறிக்கையில் விழுந்திருந்தால், அதைப் பார்த்து இன்னொரு தாய் தன் கணவரிடம் வரைபடத்தை விரிக்கச் சொல்வாள். அந்த வீழ்ச்சியில் என் கையும் இருக்கிறது. அதை எண்ணும்போது என் மகளின் நல்ல புள்ளிகள் எனக்கு முழுச் சந்தோஷத்தைத் தருவதில்லை. திரும்பக் கொட்டாஞ்சேனைக்கே வந்துவிடு என்று யாராவது சொன்னாலும் மகளை இடையில் பிடுங்கிக்கொண்டு வர என்னால் முடியாது.

அடுத்த வருடம் இருவரும் புலமைப்பரிசில் எழுதுகிறார்கள். மகளுடைய வகுப்பில் கொடுக்கும் மாதிரி வினாத்தாள்களைக் காலி வீதியில் ஒரு ஃபோட்டோ கொப்பிக் கடையில் இரண்டு செட் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போகும்போது ஒன்றை அவனிடம் கொடுப்பேன். போன கிழமை அவன் முந்திய தாளைச் செய்து வைத்திருந்தான். பின்னக் கணக்கு ஒன்றுக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டு, "அன்ரி, இது எங்களுக்கு இன்னும் படிப்பிக்கேல்ல" என்றான். அம்மாவின் விறாந்தையில் அதே மேசையில் இருந்து ஒரு தோசையை நான்காகப் பிய்த்து அவனுக்குக் காட்டினேன். மகள் தன் துண்டைச் சாப்பிட்டுவிட்டு, இப்போது எத்தனை மீதி என்று அவனிடம் கேட்டாள்.