உத்திர வீதியிலிருந்து சித்திரை வீதிக்கு

தை பிறந்துவிட்டால் என் நெஞ்சு வையம்பட்டியில் தங்குவதில்லை. உடம்பு இந்த வறண்ட செம்மண் மேட்டில் நிற்கும். உயிரோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, அரவணையில் அறிதுயில் கொள்ளும் அந்தக் கருமாணிக்கத்தின் வாசலில் போய் விழுந்து கிடக்கும். இத்தனை வருஷம் சித்திரைத் தேர் ஒன்றோடு திருப்தி கொண்டிருந்தவன், இந்த வருஷம் தை, பங்குனி, சித்திரை என மூன்று தேரையும் விடாமல் சேவிப்பதென்று சங்கல்பம் செய்துகொண்டேன். சங்கல்பமா? என்னுடையதா? அழைத்தவன் அவனல்லவா!

தைத் தேர் விழாவான பூபதித் திருநாளன்று, முதல் பேருந்தில் மணப்பாறை வழியாகத் திருச்சி வந்து, ஒன்றாம் நம்பர் பேருந்து மாறித் திருவரங்கத்தில் இறங்கியபோது பனி விலகவில்லை. அந்தப் பனிக்குள்ளிருந்து ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோள்களில் அசைந்து வந்தான் உற்சவரான நம்பெருமாள். ஆகா, அந்த நடை! சிங்கம் புறப்பட்டது போல ஒரு கணம், அரவம் நெளிந்தது போல மறுகணம்; வருவது அவனா, என் நெஞ்சில் அலையடிக்கும் ஆனந்த சாகரமா என்று அறியாமல் நின்றேன்.

தைத் தேர் உத்திர வீதிகளைச் சுற்றும். அன்று என் கண்ணைக் கட்டிப்போட்டவர் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுக்கிற ஒருவர். மேல் வேட்டியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, உருளும் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் குனிந்தபடியே பின்வாங்குகிறார். திருப்பம் வந்ததும் கட்டையை அடியில் செருகுகிறார். மரம் நசுங்கி முனகுகிறது, கருகிய வாசனை எழுகிறது, தேர் நிற்கிறது. மூவுலகையும் ஈரடியால் அளந்த திரிவிக்கிரமன், ஒரு முழக் கட்டைக்குக் கட்டுப்பட்டு நிற்கிறான்! என்ன எளிமை! என்ன சௌலப்யம்! அந்தக் கட்டையாகப் பிறந்திருக்கக் கூடாதா நான்!

பங்குனியில் அவன் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறான். அரங்கத்துத் தாயாருக்கு ஊடல். கதவு சாத்தப்படுகிறது. அகிலாண்ட கோடி பிரம்மாண்ட நாயகன் வாசலில் காத்திருக்க, நம்மாழ்வார் வந்து சமாதானம் செய்துவைக்கிறார். பிறகு அந்தச் சேர்த்தி! வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் இருவரும் ஒன்றாக வீற்றிருப்பது. உடையவராம் இராமானுஜர் கத்யத்ரயத்தை விண்ணப்பித்துச் சரண் புகுந்தது இந்தத் திவ்ய தம்பதிகளின் முன்புதான். நான் எதை விண்ணப்பிப்பேன்? கடன், காய்ந்த கிணறு, மகளின் கல்யாணம் என்று ஊரிலிருந்து மூட்டை கட்டி வந்த வேண்டுதல்களில் ஒன்றுகூட நாவுக்கு வரவில்லை. "தாயே" என்றேன். "அப்பா" என்றேன். அதற்குமேல் நான் இல்லை. பங்குனித் தேரான கோரதம் புறப்பட்டபோதும் அந்த மயக்கம் தெளியவில்லை. வடத்தை எப்போது தொட்டேன் என்பதே நினைவில்லை.

சித்திரை! அதுதான் எங்கள் தேர். ஊரை விட்டுப் போய் நாற்பத்தெட்டு ஆண்டுகள் காடும் மலையும் அலைந்த நம்பெருமாள், 1371-இல் அரங்கம் மீண்டான்; 1383-இல் விருப்பண்ண உடையார் எடுத்த விழா இது, அதனாலேயே விருப்பன் திருநாள். அவன் அலைந்த அலைச்சலை அறிந்தவர்கள் போலக் கிராமங்கள் திரண்டு வந்து, முதல் நாள் இரவே வீதியோரம் துண்டை விரித்துப் படுத்துக் கிடக்கின்றன. மொட்டைத் தலைகளில் சந்தனம், கையில் தேங்காய், முந்தானையில் முடிந்த நெல். சிலர் கன்றுக்குட்டியைக் கயிற்றோடு ஓட்டி வந்திருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஆண்டாள் சூடிக்களைந்த மாலையும் கிளியும் வந்து சேர்ந்திருந்தன. ரேவதித் திருநாளில், காதலி கொடுத்தனுப்பிய மாலை தோளில் புரள, தேரேறினான் பெருமான்!

"ரங்கா! ரங்கா!"

வடம் நிமிர்ந்தது. என் பக்கத்தில் ஒரு பாட்டி, "சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானும் ஒரு கை புடிச்சிக்கிறேன்" என்று நடுங்கும் விரல்களைக் கயிற்றில் வைத்தாள். சுட்டெரிக்கும் தார்ச்சாலை, வெறுங்கால்கள், வியர்வை, துளசி, கற்பூரம். அத்தனையும் ஒரே குரலாகி, அந்தக் குரல் தேராகி, தேர் கோபுரம் நடப்பது போல அசைந்து, அசைந்து, கிளம்பிவிட்டது! அப்போதுதான் எனக்கு உறைத்தது: தையில் உத்திர வீதியோடு திரும்பியவன், சித்திரையில் அதற்கும் வெளியே உள்ள சித்திரை வீதிக்கு வந்துவிட்டான். உள்ளே நுழைய வழி தெரியாமல் நிற்கும் எங்களைத் தேடி, ஒரு வீதி கூடுதலாக, வெயிலில் வருகிறான். கருணாமூர்த்தியே! எங்களுக்காகவா!

தேர் நிலைக்கு வந்தபின் பாட்டி முந்தானையை அவிழ்த்தாள். இரண்டு படி நெல் இருக்கும். தேர் நின்ற திசை நோக்கிக் காணிக்கையாகக் கொட்டிவிட்டு, ஒட்டிக்கொண்ட கடைசி நெல்மணியையும் தட்டிவிட்டாள்.

இரவுப் பேருந்தில் திரும்பினேன். உள்ளங்கை கன்றிச் சிவந்திருந்தது. வடத்தின் நார் ஒன்று அதில் தைத்திருந்தது. பிடுங்க மனம் வரவில்லை. வையம்பட்டியில் இறங்கியபோது தெரு உறங்கிக் கிடந்தது. நட்சத்திர ஒளியில் அந்த மண்தெருவின் அகலத்தைக் கண்ணால் அளந்தபடி வெகுநேரம் நின்றேன். தேர் வரும் அகலந்தான், ரங்கா!