எல்லோருக்கும் என்ற சொல்

கொல்கத்தா நகரிலே, சியால்டா ரயில் நிலையத்தின் வாயிலிலே, ஆண்டுக்கொரு முறை ஒரு சந்தை கூடுகிறது. காய்கறிச் சந்தையன்று, கால்நடைச் சந்தையுமன்று. அங்கே விலை பேசப்படுவது மனிதனின் தோள்வலிவு. அவன் மணிக்கட்டின் விரைவு. மூர்ஷிதாபாத்திலிருந்தும் பாங்குராவிலிருந்தும் பீர்பூமிலிருந்தும் வந்து இறங்குகிறார்கள் முரசு கொட்டுவோர். தோளிலே தொங்குவது 'தாக்' எனப்படும் பெருமுரசு. மரத்தைக் குடைந்து, தோல் போர்த்தி, இறகுகளால் அழகு செய்யப்பட்டது. பக்கத்திலே ஒரு சிறுவன் நிற்பான், கையிலே வெண்கலச் சேகண்டியுடன். மகனாக இருப்பான், அல்லது தம்பி மகனாக இருப்பான். விழாக் குழுவினர் வருகின்றனர். "கொட்டிக் காட்டு" என்கின்றனர். கொட்டுகிறான். "ஐந்து நாளைக்கு என்ன கேட்கிறாய்?" என்கின்றனர். சொல்கிறான். "அவ்வளவா!" என்று அடுத்தவனிடம் நகர்கின்றனர். அடுத்தவன் குறைத்துச் சொல்கிறான்.

இப்படி விலை பேசி அழைத்துச் செல்லப்படும் அந்த முரசு இல்லாமல் வங்கத்தின் இலையுதிர் கால விழா இல்லை. பந்தல் எவ்வளவு உயரமாயினும், விளக்கு எத்தனை ஆயிரமாயினும், அந்த ஓசை எழுந்தால்தான் வங்காளியின் நெஞ்சு "விழா வந்துவிட்டது" என்று துள்ளுகிறது.

நமக்கு அது மழை தொடங்கும் பருவம். அவர்களுக்கு மழை ஓயும் பருவம். வானம் வெளுக்கும், ஆற்றங்கரையிலே நாணல் வெண்பூ விரியும், பவழமல்லி உதிரும். துர்க்கை பூசை என்பது அதன் பெயர். ஆனால் அதனைப் பூசை என்று மட்டும் கருதுவோர் அந்த நகரத்தை அறியாதோர். அது இசைவிழா, சிற்ப விழா, ஓவிய விழா, நாடக விழா, நூல் விழா. இதழ்கள் தடித்த சிறப்பு மலர் வெளியிடுவதும், இசைத்தட்டு நிறுவனம் ஒருகாலத்தில் ஆண்டின் புதிய பாடல்களையெல்லாம் சேர்த்துவைத்து வெளியிட்டு வந்ததும் இந்தப் பருவத்திலேதான். தெருவை அடைத்து எழும் கலைக்கூடங்களுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர் 'பேண்டல்'. நம் பந்தல்தான், ஆங்கிலேயன் நாவிலே புரண்டு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது! 2021 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பான யுனெஸ்கோ, கொல்கத்தாவின் இந்த விழாவை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலிலே சேர்த்தது. இதனையொட்டி நடைபெறும் கலைத்தொழில்களின் மதிப்பு 2019ஆம் ஆண்டில் 32,377 கோடி ரூபாய் என்று பிரிட்டிஷ் கவுன்சில் செய்வித்த ஆய்வொன்று கணக்கிட்டது.

முப்பத்தீராயிரம் கோடி! சியால்டா வாசலிலே பேரம் பேசப்படும் தொகையையும் இந்தத் தொகையையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர்க்கு ஒரு கேள்வி எழாமற் போகாது. அந்தக் கேள்வி பணத்தைப் பற்றியது மட்டுமன்று; ஒரு சொல்லைப் பற்றியது. கொல்கத்தாத் தெருவிழாக்களின் பெயர்ப் பலகைகளிலே காணப்படும் சொல் 'சர்பொஜனீன்'. சர்வ ஜனங்களுக்கும் உரியது, எல்லோருக்கும் உரியது என்று பொருள். எல்லோரும் என்றால் யார்? ஒரு கலை எல்லோருக்கும் உரியதாவது எப்போது? எல்லோரும் அதனைப் பார்க்க முடிந்தால் போதுமா?

அந்தச் சொல் எளிதிலே வந்ததன்று. 1757இல் பிளாசிப் போர் முடிந்த இலையுதிர் காலத்திலே, ஷோபாபஜார் மாளிகையிலே நவகிருஷ்ண தேவ் என்ற செல்வர் பெருவிழா எடுத்தார். வெற்றி பெற்ற கிளைவ் அதற்கு வந்த விருந்தாளி என்பது மரபுச் செய்தி. நாட்டை வென்றவனுக்கு நாட்டியம். நாட்டு மக்களுக்கு வாயிற்படி! செல்வர் வீட்டு முற்றத்திலே யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்பது செல்வரின் விருப்பம். பிறகு, 1790இல், ஹூக்ளிப் பகுதியைச் சேர்ந்த குப்திபாடாவிலே அப்படி நிறுத்தப்பட்ட பன்னிரண்டு நண்பர்கள் தாமே பணம் திரட்டித் தனியே விழா எடுத்தனர் என்று சொல்லப்படுகிறது. பன்னிரண்டு தோழர் என்பதே 'பாரோயாரி' என்ற பெயராயிற்று. கதவை அடைத்தவனிடம் கெஞ்சி நிற்காமல், தமக்கென்று ஒரு முற்றத்தை அமைத்துக்கொண்டனரே, அந்தப் பன்னிரண்டு பேரின் மான உணர்ச்சியிலிருந்துதான் தெருவிழா பிறந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, 1910இல் பவானிப்பூரிலும் 1919இல் பாக்பஜாரிலும், பன்னிரண்டு என்ற எல்லையும் உடைந்து, 'எல்லோரும்' என்ற சொல் வந்தது.

ஆகவே அது உயர்ந்த சொல். அதனை எள்ளி நகையாடுவது என் நோக்கமன்று. உயர்ந்த சொல்லைச் சொன்னவர்களிடம், சொன்னபடி நடந்தீர்களா என்று கேட்பதற்குத்தான் நமக்கு உரிமையுண்டு. நம் ஊர்களிலேகூட 'பொதுக்கிணறு' என்று பெயர் பெற்ற கிணறுகள் இருந்தன. அவற்றிலே வாளியை விடக்கூடாதவர்களும் அதே ஊரிலே இருந்தனர்.

வங்கம் அந்தச் சொல்லைக் காப்பாற்றிய நாட்களும் உண்டு. ஒன்று, 1905 அக்டோபர் 16. கர்சன் பிரபு வங்கத்தை இரு கூறாக்கிய நாள். அந்த இலையுதிர் காலத்திலே ரவீந்திரநாத தாகூர் வீட்டைவிட்டுத் தெருவிலே இறங்கினார். பாட்டுப் பாடிக்கொண்டு ஊர்வலம். எதிர்ப்பட்டோர் கையிலெல்லாம் ராக்கிக் கயிறு. வழியிலே ஒரு குதிரை லாயம். அங்கே குதிரைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த முஸ்லிம் பணியாட்களின் கைகளிலே கவிஞர் கயிற்றைக் கட்டினார். பிறகு சித்பூர்ப் பெரிய மசூதிக்கே போய்க் கட்டுவோம் என்று புறப்பட்டாராம். உடன் சென்ற உறவினர் அவனீந்திரநாதர், அடிதடி ஆகிவிடுமோ என்று அஞ்சித் தாம் நழுவி வீடு வந்து சேர்ந்ததைத் தம் நினைவுரைகளிலே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மசூதியிலே அடிதடி நடக்கவில்லை. அங்கிருந்தவர்கள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினர்! மேடை போட்டு, "எல்லோரும் வரலாம்" என்று பலகை மாட்டிவிட்டுக் காத்திருப்பது ஒரு வகை. லாயத்துக்கே பாட்டைக் கொண்டுபோவது வேறு வகை.

மற்றொன்று, வானொலியிலே நிகழ்ந்தது. விழாவுக்கு முன்வரும் மகாளய அமாவாசையன்று, விடியற்காலை நான்கு மணிக்கு, வங்கம் முழுதும் வானொலியைத் திறக்கும். பாணிகுமார் எழுதி, பங்கஜ் மல்லிக் இசையமைத்த 'மகிஷாசுரமர்த்தினி' என்ற நிகழ்ச்சி, 1930களின் தொடக்கத்திலிருந்து வருவது. அதிலே செய்யுளும் உரையும் ஓதும் குரல் வீரேந்திர கிருஷ்ண பத்ராவுடையது. அவர் காயஸ்தர், பார்ப்பனரல்லர். "சண்டி பாடத்தைக் காயஸ்தன் ஓதுவதா?" என்று வைதிகர் சீறினர். ஓதுபவர் அவரே என்று பாணிகுமார் உறுதியாக நின்றார். வாத்தியக் குழுவிலே முஸ்லிம் கலைஞர்களும் அமர்ந்திருந்தனர். ஆண்டுகள் சென்றன. 1976இல் வானொலி அதிகாரிகள் அந்தக் குரலை நீக்கிவிட்டு, திரையுலகின் பெரும்புகழ் நடிகர் உத்தம்குமாரை ஓதச் செய்தனர். வங்கம் கொதித்தது! பழைய குரலே திரும்ப வேண்டியதாயிற்று. எந்தக் குரலுக்குத் தகுதியில்லை என்று வைதிகம் சொன்னதோ, அந்தக் குரல் இல்லாமல் விடியாது என்று மக்கள் சொன்னார்கள். சாத்திரம் தராத தகுதியை அவர்களின் செவி தந்தது.

இத்தனை பெருமையும் உடைய நகரம், தன் முரசுக்காரனை எங்கே நிறுத்தியிருக்கிறது?

தாக் கொட்டுவோர் பெரும்பாலும் தோல்தொழிலோடு பிணைக்கப்பட்ட, தாழ்த்தப்பட்டோர் என்று தள்ளிவைக்கப்பட்ட குலங்களைச் சேர்ந்தவர்கள். இந்தக் கதையைத் தமிழனுக்கு விளக்க வேண்டியதில்லை. பறையின் ஓசை வேண்டும், பறைகொட்டுபவன் தெருவுக்கு வெளியே நிற்க வேண்டும் என்று வகுத்த நாட்டிலே பிறந்தவன் அவன். தோலைத் தொட்டவன் தீட்டு. அந்தத் தோலிலிருந்து எழும் ஒலி மட்டும் மங்கலம்! இந்த விந்தையான தர்க்கம் காவிரிக்கரையிலும் ஒன்றுதான், கங்கைக்கரையிலும் ஒன்றுதான்.

ஓசையைப் போலவே மண்ணும். குமார்டுலியிலே உருவங்கள் வனையும் குயவர், விலைமாதர் வீட்டு வாயில் மண்ணிலே ஒரு பிடியைக் களிமண்ணோடு கலப்பது வழக்கம். அந்த வாயில் மண் புனிதமானது. வாயிலுக்கு உள்ளே வாழ்பவளோ பந்தலிலே முகம் சுளிக்கப்படுபவள். சோனாகாச்சிப் பெண்கள் தம் தெருவிலே தாமே விழா எடுக்க விரும்பியபோது, அதற்கு இசைவு பெற உயர்நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. 2013இல் இசைவு கிடைத்தது. "எங்கள் மண்ணைத் தரமாட்டோம்" என்று அவர்கள் சங்கம் பின்னர் சொன்னதும் உண்டு. குப்திபாடாவின் பன்னிரண்டு பேரும் இவர்களும் ஒரே வழியிலே வந்தவர்கள் அல்லவா?

நண்பர் ஒருவர் மறுத்துரைக்கிறார். கொல்கத்தாவிலே பல ஆண்டுகள் அலுவல் பார்த்தவர். "குறை காண்பது எளிது. அந்த ஐந்து இரவுகளிலே நீர் அங்கே நடந்து பார்த்ததுண்டா? நீதிபதியும் ரிக்‌ஷாக்காரனும் ஒரே வரிசையிலே நிற்கிறார்கள். நுழைவுச் சீட்டில்லை, உடைக்கட்டில்லை. ஓவியக் கண்காட்சிக் கூடத்தின் வாசலை மிதிக்க அஞ்சும் ஏழை, இந்தியாவின் சிறந்த சிற்பிகளின் வேலையை நடுத்தெருவிலே காசில்லாமல் காண்கிறான். ஆண்டிலே ஐந்து இரவாவது சமத்துவம் இருக்கிறதே, அதையும் பழிப்பீரா?" என்கிறார்.

பழிக்கமாட்டேன். அவர் சொல்வதிலே பெரும்பகுதி உண்மை. மனிதனோடு மனிதன் தோள் உரசி நடப்பது சிறு செய்தியன்று. அதற்கே எத்தனை நூற்றாண்டுப் போராட்டம் தேவைப்பட்டது! கலையைக் கூடத்திலிருந்து தெருவுக்குக் கொண்டுவந்த நகரத்தை நான் வணங்குவேன். ஆயினும், பார்ப்பவர்களின் சமத்துவம் வேறு, ஆக்குபவர்களின் சமத்துவம் வேறு. முன்னதை விளக்குப் போட்டுக் காட்டிப் பின்னதை மறைத்துவிட முடியும் என்பதுதான் என் அச்சம். வரிசையிலே நீதிபதியின் பக்கத்திலே நிற்கிறானே ரிக்‌ஷாக்காரன், அவன் விருந்தாளி. ஐந்து இரவு விருந்தாளி. முரசுக்காரனோ விருந்தாளியுமல்லன், வீட்டுக்காரனுமல்லன். அவன் இல்லாமல் விருந்தும் இல்லை.

2020ஆம் ஆண்டைப் பாருங்கள். கொள்ளை நோயும் ஊரடங்கும். வேலை தேடிப் போன உழைப்பாளிகள் குழந்தைகளைச் சுமந்துகொண்டு நெடுஞ்சாலைகளிலே நடந்த ஆண்டு. பேஹாலாவிலே பரிஷா கிளப் என்ற குழுவினர், தேவியின் உருவத்தையே அப்படி நடந்த ஒரு தாயாக, இடுப்பிலே குழந்தையோடு அமைத்தனர். பல்லவ் பௌமிக் என்ற சிற்பியின் கைவண்ணம். அதன் படத்தைக் கண்டவர் கண்கலங்கினர், நானும் கலங்கினேன். உயர்ந்த கலை என்பதிலே ஐயமில்லை. அந்த ஆண்டு பந்தலுக்குள்ளே பார்வையாளர் நுழையக்கூடாதென்று உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. விழாக்கள் சுருங்கின, முரசுக்காரர்களின் வருவாயும் சுருங்கிற்று. புலம்பெயர் உழைப்பாளியின் உருவத்துக்கு ஆரத்தி! ஆண்டுதோறும் தம் ஊரைவிட்டு வந்து கொட்டும் புலம்பெயர் உழைப்பாளிக்கோ, விழா சுருங்கினால் பேசிய கூலியாவது கிடைக்கும் என்ற உறுதி எங்கே? துன்பத்தைச் சித்திரிப்பது குற்றமென்று சொல்லமாட்டேன். சித்திரித்ததனாலேயே கடமை தீர்ந்துவிட்டதென்று நெஞ்சு நம்பிவிடுகிறதே, அந்த ஏமாற்றைத்தான் சொல்கிறேன்.

பணமில்லை என்று குழுக்கள் சொல்லக்கூடும். மாநில அரசு ஒவ்வொரு குழுவுக்கும் அளித்த உதவித்தொகை 2018இல் 10,000 ரூபாயாக இருந்தது. 2024இல் 85,000 ரூபாயாயிற்று. மக்கள் வரிப்பணத்தை விழாவுக்குக் கொடுக்கலாமா என்பது தனி வழக்கு. கொடுக்கக்கூடாதென்பது என் கருத்து. கொடுத்துவிட்டீர்கள், அதிலே முரசுக்காரனின் கூலி இவ்வளவு, தங்குமிடம் இன்னது, சேகண்டி அடிக்கும் சிறுவனுக்குப் பள்ளி தவறாதிருக்க வழி இன்னது என்று ஒரு வரி எழுதினால் என்ன?

மாற்றம் தொடங்கவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. கோகுல் சந்திர தாஸ் என்ற தாக் கலைஞர், பெண்கள் தொடக்கூடாதென்றிருந்த அந்த முரசைப் பெண்களின் தோளிலே ஏற்றினார். நூற்றுக்கு மேற்பட்டோரைப் பயிற்றுவித்தார். 2025இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அடுப்பங்கரையிலிருந்து வந்த கைகள் அந்தப் பெருமுரசை அதிரவைக்கும்போது, அவர்களைப் பார்த்து "கொட்டிக் காட்டு" என்று சொல்லும் துணிவு குழுவினருக்கு வருமா என்று எண்ணிப் பார்க்கிறேன். அவர்களிலே பலர் சியால்டா வாசலிலே நின்று விலை கேட்பதில்லை. குழுவாக, முன்கூட்டியே பேசி முடித்துக்கொண்டு வருகிறார்கள். சாத்திரம் பேசியவர்களோடு வாதாடியதைவிட, சேர்ந்து நின்றது அவர்களுக்கு மிகுதியாக உதவியிருக்கிறது.

பந்தல் முகப்பிலே பலகைகள் இருக்கின்றன. பணம் தந்த வணிகரின் பெயர் பெரிய எழுத்திலே. திட்டம் வகுத்த ஓவியரின் பெயர், இப்பொழுதெல்லாம், அதற்கடுத்து. விளக்கு அமைத்தவரின் பெயரும் சில இடங்களிலே உண்டு. உருவம் வனைந்த குயவரின் பெயர்கூட முன்பு இல்லாதிருந்து மெல்ல மெல்ல ஏறியதுதான். ஐந்து நாளும் கொட்டியவனின் பெயரை எழுதுவதற்கு எந்தச் சாத்திரமும் குறுக்கே நிற்கவில்லை. செலவும், சுண்ணாம்பும் தூரிகையும் வாங்கும் செலவுதான்.

ஐந்தாம் நாள் உருவம் ஆற்றிலே கரைகிறது. அதுவரை ஆற்றங்கரையிலே கொட்டியவன், மறுநாட் காலையிலே முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிறான். வீட்டு வாயில்களிலே நின்று கொட்டுகிறான். சில்லறை தருகிறார்கள், பழைய சேலையும் சட்டையும் தருகிறார்கள். சிறுவன் அவற்றை மூட்டையாகக் கட்டிக்கொள்கிறான். பிறகு இருவரும் சியால்டாவுக்கு நடந்து, ஊர் செல்லும் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள்.