வீரமும் வீதியும்

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் வீதியிலே, மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தை உயர்த்தி ஓட்டப் பழகும் இளைஞன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவனது ஆசை இழிந்ததன்று; உடலும் இயந்திரமும் ஒன்றிச் சமநிலை காண்பதும் ஒரு கலையே. ஆயின் அக்கலையின் முதற்பாடம் உயர்த்துவதன்று, இறக்குவது. அக்ஸிலேட்டரை முறுக்கினால் சக்கரம் எழும். பின் பிரேக்கை மெல்ல மிதித்தால் தாழும். எழுந்து நிற்கும் கணங்களில் கைப்பிடியைத் திருப்பியும் பயனில்லை. முன் பிரேக்கும் உதவாது.

தன்னுயிரைப் பணயம் வைக்க அவனுக்கு உரிமையுண்டு என்போர் உளர். உப்பளத்திலிருந்து வீடு திரும்பும் பெண்ணின் உயிரையும் உடன்வைக்க உரிமை அளித்தவர் யார்? வீதி அவளுக்கும் உரியதன்றோ!

எனினும், அவனைப் பழிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பழகுவதற்கு ஒரு திடலேனும் நாம் அவனுக்கு அளித்தோமா? வீதியை விட்டு விலகச் சொல்லும் நாம், அத்திடலுக்காகவும் குரல் கொடுத்தல் வேண்டும்.